பூட்டு யாருக்கு?

சென்ற மாதம் நமக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவர் வந்து நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தோழர், நான் பணம் கட்டி என் போனில் இறக்கி வைத்த பாட்டெல்லாம் எங்கே போயிற்று?"

விஷயம் இதுதான். அவர் இரவு முழுவதும் சரக்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர். கண் ஒரு நிமிஷம் அசந்தால் ஆள் இல்லை. பாட்டுத்தான் துணை. மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் ஒரு கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டி, பழைய பாட்டுக்கள் இருநூறுக்கு மேல் போனிலேயே இறக்கி வைத்திருந்தார். இரண்டு வருஷம் தவறாமல் கட்டினார். மகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டிய மாதத்தில் சந்தா தவறிப் போயிற்று. அன்றிரவு மலையேறும்போது போனைத் தட்டினால் ஒரு பாட்டும் பாடவில்லை. பாட்டின் பெயர் தெரிகிறது, படம் தெரிகிறது, பாட்டு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது எங்கும் ஓடிப் போகவில்லை. அவருடைய போனில், அவர் காசு கொடுத்து வாங்கிய இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பூட்டிக் கிடக்கிறது. சாவி கம்பெனியிடம் இருக்கிறது.

கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. ஒருவன் பெயரைச் சொல்லி மற்றவர்களை யோக்கியர்களாக்குவானேன்?

"சந்தா கட்டவில்லை, பாட்டு நின்றது. இதில் என்ன அநியாயம்?" என்று சிலர் கேட்கலாம். அவர் வாடகைக்கு எடுத்தார், வாடகை நின்றது, சரக்கைப் பூட்டிவிட்டார்கள் என்று வாதிக்கலாம். சரி, ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். ஆனால் வாடகைக்கு எடுக்காமல், முழு விலை கொடுத்து வாங்கியவன் கதி என்ன? அவனுடைய பாட்டு அவனுடையதாக இருந்ததா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் கிடைத்த பதிலை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். டிரைவரின் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

பூட்டில்லாத காலம்

நமது இளமைக் காலத்தில் ஒவ்வொரு கடைத்தெருவிலும் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை ஒன்று இருக்கும். வேண்டிய பாட்டுக்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து கொடுத்துவிடுவார்கள். அது சட்டப்படி சரியா என்று அன்று யாரும் கேட்கவில்லை. சரிதான் என்று இன்று நாமும் வாதாட வரவில்லை. நாம் சொல்ல வருவது வேறு. கடையில் விலை கொடுத்து வாங்கிய அசல் கேசட் எந்த டேப் ரிக்கார்டரிலும் பாடியது. தங்கைக்குக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் தரலாம், டீக்கடையில் போட்டுக் கேட்கலாம். அதைத் தயாரித்த கம்பெனி திவாலாகிப் போனாலும் கேசட் பாடிக்கொண்டுதான் இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய இசைத்தட்டு கூட இன்று ஊசியை வைத்தால் பாடும். அதைச் செய்த கம்பெனியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

உடைமை என்றால் இதுதான் அர்த்தம். கடைக்காரனுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் கல்லாப்பெட்டியோடு முடிந்து போயிற்று.

கருவி வந்தது, கோர்ட்டும் வந்தது

1990-களில் எம்.பி.3 என்ற முறை பரவியது. ஜெர்மனியில் உள்ள பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இதில் முக்கியமான பங்கு வகித்தார்கள். காதுக்குப் புலப்படாத ஒலிப் பகுதிகளைக் கழித்துவிட்டு, ஒரு பாட்டைச் சுமார் பத்தில் ஒரு பங்கு இடத்தில் அடக்கிவிடலாம் என்பதே இதன் சாரம். இதனால் பாட்டுக்குத் தட்டும் நாடாவும் தேவையில்லாமல் போயிற்று.

1998-ல் டயமண்ட் மல்டிமீடியா என்ற அமெரிக்கக் கம்பெனி "ரியோ" என்ற சின்னஞ்சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சட்டைப் பையில் அடங்கும். ஒரு மணி நேரப் பாட்டு கொள்ளும். அவ்வளவுதான். இதற்கே அமெரிக்க இசைத்தட்டு முதலாளிகளின் சங்கம் பதறிப்போய், கருவியைத் தடை செய்ய வேண்டுமென்று அதே வருஷம் அக்டோபரில் கோர்ட்டுக்கு ஓடியது. 1999 ஜூனில் அப்பீல் கோர்ட்டு முதலாளிகளின் கோரிக்கையை நிராகரித்தது. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பாட்டை எடுத்துச் செல்ல வசதியாக வேறு கருவிக்கு மாற்றிக்கொள்வது சொந்த உபயோகம்தான், அது சட்டத்தின் நோக்கத்திற்கு ஒத்ததே என்பது தீர்ப்பின் சாரம்.

சாதாரண மனிதனின் பொது அறிவும் அதைத்தானே சொல்கிறது? ஆனால் முதலாளிகள் கோர்ட்டை மட்டும் நம்பியிருக்கிறவர்கள் அல்ல. ரியோ மீது வழக்குத் தொடர்ந்த அதே 1998 அக்டோபரில், 28-ஆம் தேதி, ஜனாதிபதி கிளிண்டன் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டிஜிட்டல் ஆயிரமாண்டுக் காப்புரிமைச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஒரு கம்பெனி தன் பாட்டுக்குப் பூட்டுப் போட்டால், அந்தப் பூட்டைத் திறப்பதே குற்றம். திறக்கும் கருவியை விற்பதும் குற்றம். லாப நோக்குடன் வேண்டுமென்றே செய்தால் முதல் தடவைக்கே 5 வருஷம் வரை சிறை, 5 லட்சம் டாலர் வரை அபராதம்.

கவனியுங்கள். பாட்டைத் திருடுவது முன்பே குற்றம்தான். அதற்குப் பழைய சட்டமே போதும். புதிதாகக் குற்றமாக்கப்பட்டது பூட்டைத் திறப்பது. உள்ளே இருப்பது நம்முடைய சொந்தச் சரக்காக இருந்தாலும் நாம் திறக்கக்கூடாது. கோர்ட்டு ஒரு கையால் கொடுத்த உரிமையைச் சட்டசபை மறு கையால் பறித்த கதை இது.

இந்தப் பூட்டு எப்படிப்பட்டது?

கம்ப்யூட்டரில் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை ஒரு ரகசியக் கணக்கின்படி கலைத்துப் போட்டுவிட்டால் பாட்டு வெறும் இரைச்சலாகிவிடும். கலைத்ததை ஒழுங்காக அடுக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியும் ஒரு நீளமான எண்தான். சாவியுள்ள கருவி பாடும், சாவியில்லாத கருவி பாடாது. எந்தக் கருவிக்குச் சாவி தருவது, எத்தனை கருவிக்குத் தருவது, எத்தனை நாளைக்குத் தருவது என்பதையெல்லாம் கம்பெனி தீர்மானிக்கும்.

ஆனால் இதில் ஒரு தீராத கோளாறு இருக்கிறது. பாட்டு காதில் விழ வேண்டுமானால் சாவி எப்படியும் வாங்கியவனின் கருவிக்குள் வந்தே தீர வேண்டும். பூட்டையும் சாவியையும் ஒரே ஆளின் வீட்டில் வைத்துவிட்டு, சாவியைக் கண்ணில் படாமல் ஒளித்துவிட்டதாக நம்பிக்கொள்ளும் வித்தை இது. தேடத் தெரிந்த ஒருவன் கண்டுபிடித்தே தீருவான். ஒருவன் கண்டுபிடித்தால் போதும். பூட்டுடைத்த பிரதி உலகமெல்லாம் போய்விடும்.

முதலாளிகளுக்கு இது தெரியாதா? தெரிந்துகொள்ள அவர்களே ஒரு பரீட்சை வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் சேர்ந்து நடத்திய ஓர் அமைப்பு, 2000 செப்டம்பரில், "எங்கள் காவல் குறிகளை முடிந்தால் அழித்துக் காட்டுங்கள்" என்று பகிரங்கமாகச் சவால் விட்டது. பரிசும் அறிவித்தது. பிரின்ஸ்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் எட்வர்டு பெல்டனும் அவருடைய சகாக்களும் பரிசை நாடாமல் காரியத்தைச் செய்தார்கள். எப்படிச் செய்தோம் என்பதைக் கட்டுரையாக எழுதி, 2001 ஏப்ரலில் விஞ்ஞானிகள் மாநாடு ஒன்றில் படிக்கப் போனார்கள். உடனே இசைத்தட்டு முதலாளிகளின் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: இதைப் படித்தால் 1998 சட்டப்படி வழக்கு வரக்கூடும் என்று. கட்டுரை அந்த மாநாட்டில் படிக்கப்படவில்லை. பேராசிரியர்கள் கோர்ட்டுக்குப் போன பிறகு, அதே வருஷம் ஆகஸ்டில் வேறொரு மாநாட்டில்தான் படிக்க முடிந்தது.

பூட்டு மட்டமானது என்று சொன்னால், பூட்டை மாற்றுவதில்லை. சொன்னவனின் வாயைப் பூட்டப் பார்க்கிறார்கள்!

99 சென்ட் கொடுத்து வாங்கிய சங்கிலி

2001 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி "ஐபாட்" என்ற கருவியை வெளியிட்டது. ஆயிரம் பாட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்பதே விளம்பரம். 2003 ஏப்ரல் 28-ல் அதே கம்பெனி இன்டர்நெட்டில் பாட்டுக்கடை திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுக்கள் விற்றன. மலிவாகவும் நேர்மையாகவும் கிடைத்தால் மக்கள் பணம் கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அந்தப் பாட்டுக்குப் பூட்டு இருந்தது. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் பூட்டில்லாமல் சரக்குத் தர மறுத்தன. ஆப்பிள் பூட்டைச் செய்தது. சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆரம்பத்தில் மூன்று கம்ப்யூட்டர்களில் பாடலாம் என்றார்கள். 2004-ல் ஐந்து என்றார்கள். சட்டைப்பைக் கருவி என்று பார்த்தால், ஆப்பிளின் ஐபாட்டில் பாடும். பிறர் செய்த கருவியில் பாடாது. சி.டி.யில் எழுதி மறுபடி ஏற்றிக்கொள்ள வழி இருந்தது வாஸ்தவம். ஆனால் அப்படிச் சுற்றி வரும்போது ஒலியின் தரம் குறையும். பணம் கொடுத்து வாங்கியவன் கொல்லைப்புறமாக ஏன் வர வேண்டும்?

இதன் விளைவு என்ன? ஒரு தொழிலாளி இருநூறு பாட்டு வாங்கினால் இருநூறு டாலருக்கு ஒரு சங்கிலியையும் சேர்த்து வாங்கினான். அடுத்த தடவை வேறு கம்பெனியின் நல்ல கருவியை, மலிவான கருவியை வாங்க நினைத்தால் அந்த இருநூறு டாலர் வீண். ஆகவே மறுபடியும் அதே கம்பெனியிடம் போவான். 2004 ஜூலையில் ரியல்நெட்ஒர்க்ஸ் என்ற போட்டிக் கம்பெனி, தன் கடையில் விற்ற பாட்டும் ஐபாட்டில் பாடும்படி ஒரு வழி கண்டுபிடித்தது. ஆப்பிள் அதைப் பூட்டுடைக்கிற கொள்ளைக்காரனின் வேலை என்கிற தோரணையில் கண்டித்தது. அந்த வருஷக் கடைசிக்குள்ளேயே கருவியின் உள்புரோகிராமை மாற்றி அந்த வழியை அடைத்தும் விட்டது. இங்கே திருட்டு எங்கே? திருடன் யார்? விலை கொடுத்து வாங்கிய பாட்டை, விலை கொடுத்து வாங்கிய கருவியில் பாடவைத்ததுதான் குற்றமாயிற்று!

இதைக் கண்டு ஐரோப்பாவில் எதிர்ப்புக் கிளம்பியது. நார்வேயில் 2006-ல் நுகர்வோர் கவுன்சில் புகார் கொடுத்தது. பிரான்சில் அதே வருஷம், எல்லாக் கருவியிலும் பாட வழி செய்ய வேண்டும் என்று மசோதா வந்தபோது, அது சர்க்கார் ஆதரவில் நடக்கும் திருட்டு என்று ஆப்பிள் கூச்சலிட்டது. ஏகபோகத்தை எதிர்த்தால் அதற்குத் திருட்டு என்று பெயர் சூட்டுவது முதலாளிகளின் பழைய வழக்கம்.

வாங்கியவன் வீட்டில் ஒற்றன்

2005-ல் சோனி பி.எம்.ஜி. செய்த காரியம் இதற்கெல்லாம் சிகரம். கடையில் விற்ற சி.டி.க்களுக்குள் ஒரு ரகசியப் புரோகிராமை வைத்தது. சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டால், அது தன்னைத்தானே மறைத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் அடிமடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்டோபர் 31-ல் மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் இதைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார். அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தி வைரஸ்காரர்களும் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். பெரும்பாலோருக்கு இது என்னவென்றே தெரியாது, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும் என்கிற பாணியில் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் வானொலியில் பேசினார்! கண்டனம் வலுத்த பிறகு லட்சக்கணக்கான சி.டி.க்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2007 ஜனவரியில், கம்ப்யூட்டர் கெட்டவர்களுக்கு 150 டாலர் வரை கொடுப்பதாக அமெரிக்க வர்த்தகக் கமிஷனிடம் கம்பெனி ஒப்புக்கொண்டது.

பிறர் எழுதி, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு பொதுவில் வைத்த புரோகிராம் பகுதிகள், அந்த நிபந்தனைகளை மீறி இந்தக் காவல் புரோகிராமுக்குள் சேர்க்கப்பட்டிருந்ததையும் ஆராய்ந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். திருட்டைத் தடுக்க வந்த காவல்காரனின் மடியிலேயே திருட்டுச் சொத்து!

சிந்தித்துப் பாருங்கள். இந்தத் தொல்லை யாருக்கு வந்தது? இன்டர்நெட்டில் இனாமாகப் பாட்டை எடுத்தவனுக்கு வரவில்லை. கடைக்குப் போய், வரிசையில் நின்று, காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் வந்தது.

கடை மூடினால் பாட்டு ஊமை

2004-ல் மைக்ரோசாப்ட் தன் பூட்டைப் பல கருவிக் கம்பெனிகளுக்கும் கொடுத்து, "நிச்சயம் பாடும்" என்று பொருள்படும் முத்திரையைக் குத்தியது. 2006 நவம்பரில் அதே மைக்ரோசாப்ட் "ஜூன்" என்ற தன் சொந்தக் கருவியை வெளியிட்டது. அந்த முத்திரையுள்ள பாட்டு அதில் பாடவில்லை! "நிச்சயம்" இரண்டு வருஷம் தாங்கியது.

அதோடு விடவில்லை. மைக்ரோசாப்ட்டின் எம்.எஸ்.என். பாட்டுக்கடை 2006-ல் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில் வாங்கியவர்களுக்குக் கடிதம் வந்தது. ஆகஸ்ட் 31-க்குப் பிறகு சாவி கொடுக்க மாட்டோம். அதன் பிறகு கம்ப்யூட்டரை மாற்றினால் பாட்டு பாடாது என்று. மக்கள் கொதித்தெழுந்த பிறகு 2011 கடைசி வரை தவணை கொடுத்தார்கள். அதே 2008-ல் யாகூ பாட்டுக்கடையும் செப்டம்பர் 30-ல் சாவியை நிறுத்தப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்த பிறகு ஈடு தருவதாகச் சொன்னது. வால்மார்ட்டும் அக்டோபர் 9 என்று நாள் குறித்து, கண்டனத்திற்குப் பிறகு பின்வாங்கியது.

ஒரே வருஷத்தில் மூன்று கடைகள். இவர்கள் நொடித்துப்போன சில்லறை வியாபாரிகளா? உலகத்திலேயே பெரிய முதலாளிகள். லாபம் போதவில்லை என்றதும் சாவியை நிறுத்தப் புறப்பட்டார்கள். கேசட் கடைக்காரர் கடையை மூடினால் நம் வீட்டுக் கேசட் ஊமையாகவில்லை. இவர்கள் மூடினால் நம் வீட்டுப் பாட்டு ஊமையாகிறது. அப்படியானால் 99 சென்ட் கொடுத்து வாங்கியது என்ன? பாட்டல்ல, கடை திறந்திருக்கும் வரை கேட்டுக்கொள்ளும் அனுமதிச் சீட்டு.

தாங்கள் வெட்டிய குழியில்

பிறகு இந்தப் பூட்டு எப்படிப் போயிற்று? முதலாளிகளுக்கு மனம் இரங்கியதா? இல்லை.

2007 பிப்ரவரி 6-ல் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பூட்டைக் கைவிடலாம், இசைத்தட்டுக் கம்பெனிகள் சம்மதித்தால் நாங்கள் தயார் என்றார். அவர் கொடுத்த கணக்கைப் பாருங்கள். ஒரு சராசரி ஐபாட்டில் இருக்கும் பாட்டில் நூற்றுக்கு 3-க்கும் குறைவாகத்தான் பூட்டுள்ள பாட்டு. 2006-ல் உலகமெங்கும் இன்டர்நெட் கடைகள் விற்ற பூட்டுப் பாட்டு 200 கோடிக்கும் குறைவு. அதே கம்பெனிகள் அதே வருஷம் சி.டி.யில் பூட்டே இல்லாமல் விற்ற பாட்டு 2,000 கோடிக்கும் மேல்! வாசல் கதவு இல்லாத வீட்டில் ஜன்னலுக்கு எட்டுப் பூட்டு. திருட்டைத் தடுக்கவே பூட்டு என்ற வாதம் இந்த ஒரு கணக்கிலேயே சாம்பலாகிறது.

ஆனால் ஜாப்ஸை ஜனநாயகவாதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சாவியை மற்றக் கம்பெனிகளுக்குக் கொடுக்க முடியாது என்று அதே கடிதத்தில் மறுத்தார். ஐரோப்பாவில் நெருக்கடி முற்றிய நேரத்தில் எழுதிய கடிதம் அது.

மறுபுறம் இசைத்தட்டுக் கம்பெனிகளின் நிலைமை என்ன? மக்களைக் கட்டிப்போடத் தாங்கள் கேட்டு வாங்கிய கயிறு, நுனி ஆப்பிள் கையில் இருந்ததால், தங்கள் கழுத்தையே இறுக்கிக்கொண்டிருந்தது. மக்கள் ஐபாட்டில் சிக்கினார்கள். ஐபாட்டுக்குப் பூட்டுப் பாட்டு விற்கக்கூடிய கடை ஆப்பிள் கடை ஒன்றே. ஆகவே விலையை ஆப்பிள் சொன்னது, கம்பெனிகள் கேட்டுக்கொண்டன. இந்தப் பிடியிலிருந்து தப்ப அவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது: பூட்டை அவிழ்ப்பது.

2007 ஏப்ரலில் இ.எம்.ஐ. கம்பெனி பூட்டை எடுத்தது. ஆனால் விலை 1.29 டாலர்! முன்பே வாங்கியவர்கள் பாட்டுக்கு 30 சென்ட் கூடுதலாகக் கொடுத்துத் தங்கள் சொந்தப் பாட்டைச் சிறைமீட்கலாம் என்றார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அமேசான் பூட்டில்லாத பாட்டுக்கடை திறந்தது. 2008 ஜனவரிக்குள் நான்கு பெரிய கம்பெனிகளும் அதற்குச் சரக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டன. ஆப்பிளுக்கு மட்டும் எல்லோரும் கொடுக்கவில்லை. 2009 ஜனவரியில், 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என்று மூன்று விலைக்கு ஆப்பிள் இணங்கிய பிறகே அந்தக் கடையிலும் பூட்டு முழுவதும் போயிற்று.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பூட்டைப் போட்டதும் லாபத்திற்காக, எடுத்ததும் லாபத்திற்காக. இரண்டு யானைகள் சண்டையிட்டதில் வேலி முறிந்தது. மக்கள் எதிர்ப்பு அந்த வேலியை முன்பே ஆட்டி வைத்திருந்தது. கலைஞனின் நலம் இந்தப் பேரத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை.

பூட்டு வேறு வேஷத்தில்

ஐபாட்டின் தயாரிப்பை 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திவிட்டது. பாட்டு போனுக்குள் போய்விட்டது. விலைக்கு வாங்குவோர் குறைந்து, மாதச் சந்தா கட்டுவோர் பெருகினார்கள். சந்தா முறையில் எந்தப் பாட்டும் யாருக்கும் சொந்தமில்லை. போனில் இறக்கி வைத்த பாட்டுக்கும் பழைய பூட்டேதான். 2009-ல் முன்வாசல் வழியாகப் போனது, பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. வாங்கியவனுக்குப் போட்ட பூட்டை மக்கள் எதிர்த்தார்கள். ஆகவே வாங்குகிறவனே இல்லாமல் செய்துவிட்டார்கள்; எல்லோரும் குடிக்கூலிக்காரர்கள். நமது டிரைவரின் பாட்டு எங்கே போயிற்று என்பதற்கு இதுதான் பதில்.

சந்தா முறையில் வசதி இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. குறைந்த காசில் லட்சக்கணக்கான பாட்டுக்களைக் கேட்க முடிவது லாபம்தான். ஆனால் இரண்டு வருஷம் கட்டியவனுக்கும் நேற்றுச் சேர்ந்தவனுக்கும், சந்தா நின்ற மறுநாள் கையில் இருப்பது ஒன்றே: பூஜ்யம்.

"கலைஞர்கள் பிழைக்க வேண்டாமா?" என்று முதலாளிகள் கண்ணீர் வடிக்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! பாடுகிறவனும் இசையமைக்கிறவனும் உழைப்பாளிகள். அவர்களுக்கு நியாயமான கூலி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. ஆனால் ஸ்பாட்டிபை கம்பெனி 2024 முதல், ஒரு வருஷத்தில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கே கிடையாது என்று விதி செய்துவிட்டது. நின்றுபோன அந்தக் காசு யாருடையது? அறிமுகமாகாத சிறிய கலைஞனுடையது. கேட்பவனையும் பூட்டி, பாடுகிறவனையும் பட்டினி போடுகிற முறைக்குக் கலைஞர் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது பித்தலாட்டம்.

நமது நாட்டில்

இது அமெரிக்கச் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2012-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று நல்ல முகம். சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி அது காப்பாற்றியது. கவிஞர் ஜாவேத் அக்தர் முதலிய கலைஞர்கள் போராடிப் பெற்ற உரிமை இது. கலைஞனுக்குச் சோறு போடுவது இப்படிப்பட்ட சட்டம். டிஜிட்டல் பூட்டு அல்ல.

மற்றொரு முகம் 65-ஏ பிரிவு. காப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. "மீறும் எண்ணத்தோடு" என்ற இரண்டு வார்த்தைகள் நம் சட்டத்தை அமெரிக்கச் சட்டத்தைவிட நியாயமானதாக்குகின்றன. சட்டம் தடுக்காத காரியத்திற்காகத் திறந்தால் குற்றமில்லை. சொந்த உபயோகத்திற்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதையும் நம் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஒருவருக்காக இன்னொருவர் திறந்து கொடுத்தால், அவருடைய பெயர், விலாசம், காரணம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்க வேண்டுமாம். கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்கிற பையன் இனி ரிஜிஸ்தர் புத்தகம் வைக்க வேண்டும் போலும்! உரிமை ஏட்டில் இருக்கிறது; சாவி கம்பெனியிடம் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

"வாங்கு" என்று எழுதி விற்றால், விற்ற சரக்கு வாங்கியவனுக்கே சொந்தமாக வேண்டும். வெறும் அனுமதிதான் தருகிறார்கள் என்றால் அதைப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி முதல், உண்மையைத் தெரிவிக்காமல் "வாங்கு" என்ற வார்த்தையைப் போடக்கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

கடையை மூடுகிற கம்பெனி, மூடுவதற்கு முன் விற்ற சரக்கின் பூட்டை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும்.

பல வருஷம் சந்தா கட்டியவருக்கு, கட்டிய பணத்துக்கு ஏற்றபடி சில பாட்டுக்களாவது எந்தக் கருவியிலும் பாடும்படி சொந்தமாக வேண்டும்.

65-ஏ பிரிவில் உள்ள "மீறும் எண்ணத்தோடு" என்ற வார்த்தைகளை நீக்கவோ நீர்க்கவைக்கவோ எந்த அந்நிய நிர்ப்பந்தம் வந்தாலும் சர்க்கார் இணங்கக்கூடாது.

இவை பெரிய புரட்சிக் கோரிக்கைகள் அல்ல. ஒரு கேசட்டை வாங்கியவனுக்குக் கடைத்தெருவில் கேட்காமலே கிடைத்த உரிமைகள்தான். 2008-ல் அமெரிக்க மக்கள் கூச்சலிட்டதால்தான் மூன்று கம்பெனிகளும் பின்வாங்கின என்பதை மறந்துவிடக் கூடாது. கேட்காதவனுக்குச் சாவி கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

நமது டிரைவர் மறு மாதம் சந்தாவைக் கட்டிவிட்டார். வேறு என்ன செய்வார்? மலைப்பாதையில் தூக்கம் வந்தால் வாதம் பேசிக்கொண்டிருக்க முடியுமா? பாட்டு மறுபடி பாடுகிறது. ஆனால் அது அவருடைய பாட்டல்ல என்பது இப்போது அவருக்குத் தெரியும். அவரைப் போன்ற லட்சக்கணக்கானவர்களுக்கும் தெரிய வேண்டும்.